சுவரில் மாட்ட ஒரு குமுதவல்லி

அரசு என்று எல்லாரும் கூப்பிடும் திருநாவுக்கரசுக்கு வயது ஐம்பத்து நான்கு. கோலா சாவாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் குலை பார்ப்பவர். லாரிகள் கொண்டுவந்து கொட்டும் குலைகளைச் சுற்றிவந்து, இது பழுத்தது, இது காய், இது அழுகல் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் தீர்ப்பாவது இருக்கும். நீதிபதிகளின் தீர்ப்பு பிடிக்காதவர்கள் வேறு கோர்ட்டுக்குப் போவார்கள். அரசுவின் தீர்ப்பு பிடிக்காத லாரி டிரைவர்கள் எங்கும் போவதில்லை. அங்கேயே நின்று, அவருடைய கண்பார்வையைப் பற்றியும் வம்சத்தைப் பற்றியும் சில கருத்துகளைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது அவரிடம் மிச்சமிருப்பது முழங்கால் வலி மட்டுமே. முடிவெடுக்கும் சக்தி என்பது அன்றைய கடைசி லாரியோடு போயிருக்கும். "தேத்தண்ணியா, காப்பியா?" என்று மனைவி குமுதவல்லி கேட்டால், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அது யோசனையா தூக்கமா என்று இருபத்தேழு வருடமாகியும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே ஒன்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவரும் குடித்துவிடுவார். இப்படித்தான் அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு கேமராக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானார். அதற்குக் காரணம் ஒரு சாவு.

குமுதவல்லிக்குப் பஞ்சாலை என்று ஒரு அக்கா, தம்பின் என்ற ஊரில் இருந்தாள். போன வருடம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே என்று வீடு முழுக்கத் தேடினார்கள். பஞ்சாலை தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டுக் கும்பலில் அரை முகம் இருந்தது, அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒன்று இருந்தது. கடைசியில் மகன் ஷங்கர், யாருடைய பிறந்தநாளுக்கோ தன் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். அந்தக் கைப்பேசி ஒரு கருணை மிக்க யந்திரம். ஆளின் நிறத்தைத் தானாகவே வெளுத்து, சுருக்கத்தைத் தேய்த்து, உதட்டில் ரோஜா நிறம் பூசிக் கொடுக்கும். ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் அறுபத்தோரு வருடம் வெயில் குடித்த பஞ்சாலை, மாலைக்குள்ளிருந்து பிஸ்கட் டின்னில் அச்சடித்த சீமாட்டி மாதிரி சிரித்தாள்.

"சின்னம்மா, அம்மா நல்லா கலரா இருக்காங்கல்ல?" என்று ஷங்கர் பெருமையோடு கேட்டான்.

குமுதவல்லி தலையாட்டினாள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பலகைக்கு அடியில் அக்காவின் ரப்பர் செருப்பு கிடந்தது, குதிகால் பக்கம் ஒருச்சாய்த்துத் தேய்ந்து. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து, அவள் கணவனின் காதில் தன் உத்தரவைச் சொன்னாள். "நான் செத்தா என்னைப் பாத்து அழணும். வேற எவளையோ பாத்து அழக்கூடாது. நான் என்னா கலரோ அந்தக் கலர்ல ஒரு படம் எடுத்து வச்சிடுங்க. போன்ல வேணாம். போன் பொய் சொல்லும்."

அரசு சரியென்றார். அந்த நேரத்தில் அது எளிய காரியமாகத்தான் தெரிந்தது.

லுக்குட்டில் லியாக்கத் அலி என்று ஒருவர் கடிகாரமும் பழைய கேமராவும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுகிறவர். எந்தச் சாமானையும் வாங்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார். அப்படி வற்புறுத்தாமல் இருந்ததே அரசுவுக்கு வினையாக முடிந்தது. அவர் ஃபிலிம் போடும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் எதிரில் நிற்கும் ஆள் நடுவில் இரண்டு ஆளாகத் தெரிவார். வளையத்தைத் திருகித் திருகி அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டால் படம் தெளிவாக விழும். அதுவரை இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் வெளிச்சத்தில் இருந்தது. ஒன்று, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைத் தானே அளந்து, தானே முடிவுசெய்து, தானே திறந்து மூடிக்கொள்ளும். மற்றதில் பேட்டரியே கிடையாது. எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்ய வேண்டும். அதற்குத் துணையாகத் தீப்பெட்டி அளவில் ஒரு வெளிச்ச மீட்டரையும் பாய் கூடவே கொடுத்தார்.

"ரெண்டையும் கொண்டுபோங்கண்ணே. எடுத்துப் பாருங்க. எது வேணாமோ அதை ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டாங்க," என்றார்.

அந்த ஒரு வாரம் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

காலம் வீணாகப் போனது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, நடுவில் கோடு கிழித்து, தானியங்கிக்கு இடப்பக்கமும் கையால் வைப்பதற்கு வலப்பக்கமும் ஒதுக்கி, இருதரப்பு வாதங்களையும் எழுதி வந்தார். தானியங்கியின் முதல் வாதமே பலமானது: நாள் முழுக்க முடிவெடுத்துவிட்டு வருகிறவனுக்கு இன்னொரு முடிவெடுக்கும் வேலை எதற்கு. வலப்பக்கம் உடனே எழுந்து, முடிவை இன்னொருவனிடம் விட்டதால்தான் பஞ்சாலை சீமாட்டியானாள் என்று பதிலடி கொடுத்தது. பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று வலம் கேட்டது. மறதிக்காரன் கையில் உன் கதி என்ன ஆகும் என்று இடம் கேட்டது. எட்டு மாதத்தில் ஒவ்வொரு பக்கமும் முப்பத்தோரு வாதங்கள் சேர்ந்தன. முப்பத்திரண்டாவதை எந்தப் பக்கம் எழுதினாலும் அது முடிவாகிவிடும் என்பதால் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

இதற்கிடையில் படம் எடுக்காமலும் இல்லை. முதலில் தானியங்கியை எடுத்துக்கொண்டு, குமுதவல்லியைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தார். சிரம்பானில் ஃபிலிம் கழுவும் கடைக்குப் போய், கம்ப்யூட்டரில் எதையும் திருத்தக் கூடாது, உள்ளதை உள்ளபடி போட வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். வந்த படத்தில் சுவர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு புடவையும் இரண்டு கண்ணும் நின்றன. முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை வெள்ளையே வேண்டாமென்று, விளக்கில்லாத சமையற்கட்டு வாசலில் நிறுத்தி எடுத்தார். இந்தத் தடவை கேமரா இருட்டைப் பார்த்துப் பதறி, கொள்ளுமட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டது. மாவு டப்பா தலையில் கவிழ்ந்த மாதிரி வந்தாள் குமுதவல்லி.

இரண்டையும் லியாக்கத் அலியிடம் காட்டினார். பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, தானியங்கிக்குள் இருக்கும் மீட்டருக்கு ஆள் தெரியாது, சுவர் தெரியாது, உலகத்தில் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். வெள்ளையைக் கண்டால் சாம்பலாக இறக்கும், கறுப்பைக் கண்டால் சாம்பலாக ஏற்றும். ஆலையில் தனக்கு மேலே இருக்கும் இரண்டொரு அதிகாரிகள் அரசுவின் நினைவுக்கு வந்தார்கள்.

"அப்ப கையால வக்கிறதுதான் வழி. ரொம்ப சுலுவுண்ணே," என்றார் பாய். "மீட்டரை ஆளு பக்கம் காட்டாதீங்க. ஒங்க உள்ளங்கைல காட்டுங்க. அது சொல்றதுக்கு மேல ஒரு படி வெளிச்சம் விட்டுடுங்க. கறுப்பரோ செவப்பரோ, உள்ளங்கை மட்டும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கலர்தான்."

அரசு அப்படியே செய்தார். அட்சரம் பிசகாமல் செய்தார். கையை நீட்டி, மீட்டரைக் காட்டி, ஒரு படி கூட்டி, வளையத்தைத் திருகி இரண்டு குமுதவல்லிகளை ஒன்றாக்கி எடுத்தார். படம் வந்தது. கண் தெளிவு, புடவைக் கரை தெளிவு, காதோரத்து நரை முடிகூடத் தெளிவு. முகம் மட்டும் ரோஸ் நிறம். பிஸ்கட் டின்னுக்கு இரண்டாவது சீமாட்டி கிடைத்துவிட்டாள்.

குமுதவல்லி அந்தப் படத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அரசு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவள் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மடித்துக்கொண்டே, மாதக் கடைசியில் அக்காவுக்கு வருடத் திவசம் வருகிறது, ஷங்கர் போன் பண்ணினான், சின்னம்மா உங்களுக்கும் நானே ஒரு படம் செய்து தருகிறேன் என்றான், சரியென்று சொல்லிவிட்டேன் என்றாள்.

"அவன் போன்ல எடுப்பானே," என்றார் அரசு.

"எடுக்கட்டும். யாராச்சும் ஒருத்தர் எடுத்தா சரிதான். களைச்சிப் போச்சிங்க."

அந்தச் சமயம் பார்த்து லியாக்கத் அலியும் போன் செய்தார். சிரம்பானிலிருந்து ஒரு வாடிக்கையாளர், இதே மாதிரி கேமரா கேட்டுக்கொண்டிருக்கிறாராம், இரண்டில் எதுவானாலும் பரவாயில்லையாம், மாதக் கடைசியில் வருகிறாராம். அரசு நோட்டைத் திறந்து பார்த்தார். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. மூடிவிட்டார்.

அந்த வாரம் ஒரு நாள், ஆலையின் கொட்டுமேடையில் முகுந்தனின் லாரி நின்றது. முகுந்தன் நல்ல பையன்தான், தன் குலை பழுத்தது என்று சொல்லும் வரை. அரசு அவன் குலைகளில் பதினாறைக் காய் என்று ஒதுக்கினார். அவன் லாரியிலிருந்து குதித்து இறங்கி, இது மாசாக் லா அண்ணே, பழம் லா, நல்லா பாருங்க லா என்று ஆரம்பித்தான். அரசு ஒரு குலையின் மேல் கையை வைத்து, பழுத்திருந்தால் பழம் உதிர்ந்த குழி இருக்குமே, எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் காட்டச் சொன்னார். ஆலையில் கையுறை கொடுத்திருக்கிறார்கள். போட்டால் குழி விரலுக்குத் தட்டுப்படாது என்று அவர் போடுவதில்லை. பத்தொன்பது வருடமாகப் போட்டதில்லை.

முகுந்தன் குழியை எண்ணவில்லை. கையைப் பார்த்தான்.

"எதை எண்ணச் சொல்றீங்க? ஒங்க கையும் குலையும் ஒரே கலர்ல இருக்கு. எது பழுத்ததுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அரசு சிரிக்கவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பத்தொன்பது வருடச் செம்பனை எண்ணெய் ரேகைகளில் இறங்கி, கை முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகியிருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத கறை. உள்ளங்கை எல்லாருக்கும் ஒரே நிறம் என்று சொன்ன லியாக்கத் அலி கடிகாரக்காரர். அவருக்குக் குலை பார்ப்பவனின் கையைப் பற்றி என்ன தெரியும்? மீட்டர் இந்தக் கையைப் பார்த்திருக்கிறது. ஐயோ, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அவர் வேறு ஒரு படி கூட்டியிருக்கிறார்.

"சரிப்பா, அந்தப் பதினாறும் காய்தான், வண்டிய எடு," என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு முகுந்தன் குழம்பிப் போனான்.

அன்று ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது குமுதவல்லி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடக் கண்டீனில் சமைப்பவள். காலையிலிருந்து நின்ற கால் வீங்கி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். நெற்றியில் வியர்வை காய்ந்து கிடந்தது. அரசு குளிக்காமல், தேத்தண்ணி கேட்காமல், நேராக உள்ளே போய் பேட்டரி இல்லாத கேமராவையும் மீட்டரையும் எடுத்து வந்தார்.

"திரும்பவுமா?" என்றாள்.

"ஒரே ஒரு தடவ."

"மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, பொடவ மாத்தணும். என்னால முடியாது."

"பவுடர் வேணாம். ஒன்னும் மாத்த வேணாம். கைய மட்டும் நீட்டு."

அவள் கையை நீட்டினாள். பானை தேய்த்து, அரிசி களைந்து, ஒரு நாளைக்கு இருபது தடவை தண்ணீரில் ஊறி வெளுத்த கை. உள்ளங்கை அவள் முகத்தைவிட எவ்வளவோ வெளிச்சமாக இருந்தது. அரசு அதைத் தன் இடது கையில் ஏந்தி, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி, மீட்டரைக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து பார்த்தார். முள் ஆடியது. கண்ணாடி போடாததால் எண் சரியாகத் தெரியவில்லை. ஆகவே கையை விடாமல் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். அந்தக் கையை அவர் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது இதற்கு முன்னால் எப்போது என்று இருவருமே நினைத்துப் பார்த்திருக்கக் கூடும். ஆனால் அந்த வீட்டில் அப்படிப்பட்ட பேச்சுகளுக்கு வழக்கமில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, அண்ணன் கை பாத்து சோசியம் சொல்றாரா?"

"ஆமா," என்றாள் குமுதவல்லி. "ஆயுசு எம்புட்டுன்னு பாக்குறாரு. இன்னும் தெரியல போல."

அரசு எண்ணைப் படித்தார். ஒரு படி கூட்டினார். பின்னால் நாலு எட்டு போய், கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தார். படியில் இரண்டு குமுதவல்லிகள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சற்று விலகி. இருவருமே களைத்திருந்தார்கள். வளையத்தைத் திருகினார். தாண்டிப் போய்விட்டது. திரும்பத் திருகினார். நீட்டிய கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பாதியில் நிறுத்தி, முடிந்ததா என்று கேட்கப் போகிற முகத்தோடு அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருத்தியானார்கள். அமுக்கினார்.

திவசத்துக்கு நான்கு நாள் முன்பு படம் வந்தது. அரசு கடையிலேயே உறையைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரிக்கவில்லை. அதையும் யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிட்டார். குமுதவல்லிதான் பிரித்தாள்.

முகம் அவள் முகத்தின் நிறத்தில் இருந்தது. வெயில் பட்ட கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கண்ணுக்குக் கீழே இன்னும் கறுத்து. வியர்வை காய்ந்த கோடு தெரிந்தது. பாதி நீட்டிய கை இருந்தது. படியில் கழற்றி வைத்த ரப்பர் செருப்பு இருந்தது, குதிகால் பக்கம் ஒருச்சாய்த்துத் தேய்ந்து. அக்கா தங்கை இருவருக்கும் நடை ஒன்று போல.

அவள் வெகுநேரம் பார்த்தாள். அரசு நின்றுகொண்டே இருந்தார். குலைக்குத் தீர்ப்புச் சொல்கிறவர், தீர்ப்புக்குக் காத்திருக்கும் லாரி டிரைவரின் வலியை அன்றுதான் உணர்ந்தார்.

"சிரிக்காம இருக்க. நல்லால்லன்னா இன்னொரு தடவ..." என்று இழுத்தார்.

"இதான்," என்றாள். "இருவத்தேழு வருஷமா ஒங்களுக்காகக் காத்துக் கெடக்குற மூஞ்சி இதான். இதப் பாத்தா எனக்கே அழுகை வருது."

ஷங்கருக்குப் போன் போட்டு, படம் வேண்டாம், கெளுத்தி மீன் கிடைத்தால் திவசம் முடிந்த மறுநாளைக்கு வாங்கி வை என்று சொன்னாள். படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, அலமாரியில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

ஆக, முப்பத்திரண்டாவது வாதம் கிடைத்துவிட்டது. அரசு நோட்டைத் திறந்து, வலப்பக்கத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு தானியங்கியைத் துடைத்து, லுக்குட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தார்.

"அது எங்க போவுது?" என்றாள் குமுதவல்லி.

விவரம் சொன்னார். அவள் பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள்.

"என் படம் ரெடி. ஒங்களுக்கு? நீங்க முன்னால போய்ட்டா நான் எவன் மூஞ்சியைப் பாத்து அழுவுறது? எனக்கு இந்தத் திருகல், படி, சோசியமெல்லாம் தெரியாது. இதுதான் தானா பாத்துக்குமே."

அரசுவுக்குக் கிலி பிடித்தது. பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கிறதா, வாசல் இருட்டா, சட்டையின் பொத்தான் சரியா, உட்காருவதா நிற்பதா என்று ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. முதலில் தூரத்தைச் சரிசெய்யணும், அதுக்குள்ள அமுக்கிடாத என்று சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினார்.

அமுக்கிவிட்டாள்.

அந்தப் படமும் பிறகு வந்தது. பின்னால் பச்சை வேலி என்பதால் வெளிச்சத்தைத் தானியங்கி சரியாகவே பிடித்திருந்தது. அரசு வாயைப் பாதி திறந்து, "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த உள்ளங்கை முன்னால் நீண்டு பாதிப் படத்தை அடைத்திருந்தது. முகம் கொஞ்சம் மங்கல். குமுதவல்லி ஒரு நொடிதான் பார்த்தாள். வேறு எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி, அதையும் அதே வெள்ளைத் துணியில் சேர்த்துச் சுற்றினாள்.

மாதக் கடைசியில் லியாக்கத் அலி போன் செய்தார். சிரம்பான்காரர் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம், எந்தக் கேமரா வருகிறது என்று கேட்டார். அரசு சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து தலை மட்டும் வேண்டாமென்று ஆடியது.

"இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு பாய்," என்றார்.

லியாக்கத் அலி பக்கத்தில் இருந்தவரிடம், நீங்க வேற ஏதாச்சும் பாருங்க என்று சொல்வது போனில் கேட்டது.